கொலரி என்னும் ஆங்கிலச் சொல்லும் புதுக்கோட்டைச் சீமையும்

பதினெட்டாம் நூற்றாண்டில் தென்தமிழகத்தில் நடந்த போர்களைப் பற்றி ஆங்கிலேயர் எழுதிய நூல்களிலும் கடிதங்களிலும் ‘கொலரி’ என்றொரு சொல் அடிக்கடி வருகிறது. கள்ளர் என்னும் தமிழ்ப்பெயரை, ளகர ஒலி இல்லாத தங்கள் மொழியின் எழுத்தில் அவர்கள் எழுதிக்கொண்டபோது திரிந்து பிறந்த இச்சொல், ‘கொலரீஸ்’ என ஆங்கிலப் பன்மை விகுதியும் பெற்று, ஒரு சமூகத்தின் பெயராகவும் கொள்ளையடிப்போரைச் சுட்டும் வசைப்பெயராகவும் ஒருசேர வழங்கியது. இன்று ஆங்கிலப் பேச்சிலோ எழுத்திலோ இச்சொல்லுக்கு இடமில்லை. ஆயினும் ஒரு பெயரைக் கொண்டே மக்கள் கூட்டம் ஒன்றின் இயல்பைத் தீர்மானித்துவிடும் வழக்கம் எவ்வாறு ஆவணத்தில் தொடங்கி, அகராதியில் உறுதிப்பட்டு, சட்டம் பிறக்கும் சூழலுக்குத் துணைநின்றது என்பதை இச்சொல்லின் வரலாறு விளக்கமாகக் காட்டுவதால், அதன் பொருளையும் வழக்கையும் மூலத்தையும் ஆராய்வது பயனுடையது.

இவ்வாய்வுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலை பொருத்தமான களம். புதுக்கோட்டை நகருக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூர், பழைய ஆவணங்களில் திருநலக்குன்றம் எனப்படுகிறது. பல்லவ கிரந்த எழுத்தில் பொறித்த இசைக் கல்வெட்டால் உலகறிந்த இத்தலத்தின் சிகாநாதர் கோயிலில், பாண்டியர் காலம் முதல் தொண்டைமான்கள் காலம் வரையிலான நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. கள்ளர் மரபினரான புதுக்கோட்டைத் தொண்டைமான்களுள் இரண்டாமவராகிய விசயரகுநாதராயத் தொண்டைமான் 1730இல் முடிசூடியது இங்கேதான் என்பது, சொல்லின் வரலாற்றோடு இவ்வூரை நேராகப் பிணைக்கும் செய்தி. அவர் ஆண்ட 1730 முதல் 1769 வரையிலான காலத்தில்தான் கர்நாடகப் போர்கள் நடந்தன. அப்போர்களில் அவர் ஆங்கிலேயருக்குத் துணையாக அனுப்பிய வீரர்களைக் குறிக்கவே கொலரி என்னும் சொல் ஆங்கில வரலாற்று நூல்களில் பரவலாக இடம்பிடித்தது. தன் நாட்டில் முடிமன்னர், தன் நேசநாட்டாரின் எழுத்தில் திருடர்களின் தலைவர் என்னும் இந்த முரண் எப்படி நேர்ந்தது என்பதே இங்கு எழும் வினா.

மூலச்சொல்லின் பொருட்பரப்பு

கள்ளர் என்னும் பெயருக்கு ‘கள்’ என்பதே அடி என்று பெரும்பாலோர் கொள்வர். கரிய நிறத்தைக் குறிக்கும் அடியிலிருந்தும், களப்பிரர் என்னும் குலப்பெயரிலிருந்தும் இதை வருவிப்போரும் உண்டு. ந.மு. வேங்கடசாமி நாட்டார் 1923இல் வெளியிட்ட ‘கள்ளர் சரித்திரம்’ முதலாக இவ்வாதம் நீண்டு வந்திருக்கிறது. முதற்கருத்தையே ஏற்றுக்கொண்டாலும், ‘கள்’ என்னும் அடிக்கு மறைத்தல், பிறர் அறியாமல் செய்தல் என்பனவே அகன்ற பொருள்கள். பிறர் பொருளைத் திருடுதல் அவற்றுள் ஒரு கூறு மட்டுமே.

தொல்காப்பியம் இதற்குத் தெளிவான சான்று. பெற்றோரும் ஊராரும் அறியாமல் தலைவனும் தலைவியும் கொள்ளும் காதலைக் களவு என்று பெயரிட்டு, அதற்கென ஓர் இயலையே அது வகுக்கிறது. அதே நூலின் புறத்திணையியல், பகைவர் நாட்டு ஆநிரைகளைக் கவர்ந்து வந்து காக்கும் வெட்சித் திணையை விளக்கும் இடத்திலும் களவு என்னும் சொல்லையே ஆள்கிறது. ஆநிரை கவர்தல் அங்கே போரின் முறையான தொடக்கம். அதில் இறந்த வீரனுக்கு நடுகல் எழுப்பி வழிபடுவது வழக்கம். ஆக அகத்திலும் புறத்திலும் இலக்கணத்தார் களவை ஒழுக்கத்தின் பெயராக வழங்கினரேயன்றிக் குற்றத்தின் பெயராக வழங்கவில்லை. மறுபுறம், திருக்குறள் கள்ளாமை என்னும் அதிகாரத்தில் பிறர் பொருளை வஞ்சித்துக் கொள்ள நினைப்பதையே தீமை என்று கடிகிறது. இரு பொருளும் தமிழில் அக்கம்பக்கமாகவே வாழ்ந்தன. எது எங்கே பொருந்தும் என்பதை இடமும் சூழலும் தீர்மானித்தன.

சங்க இலக்கியத்தில் வேங்கட மலைத் தலைவனாகிய புல்லி, கள்வர் குடியினருக்குத் தலைவனாகப் போற்றப்படுகிறான். ஐங்குறுநூற்றின் கள்வன் பத்தில் அச்சொல் நண்டைக் குறிக்கிறது. திருஞானசம்பந்தர் தம் முதற்பதிகத்திலேயே சிவபெருமானைத் தம் மனத்தைத் திருடியவராக அழைக்கிறார். அழகர்கோயில் பெருமாள் கள்ளழகர் என்ற பெயரோடு மேலூர்ப் பகுதிக் கள்ளர்களுடன் நெருங்கிய உறவு கொண்டவராக இன்றும் விழாக் காண்கிறார். இத்தனை நிழல்களும் படிந்த ஒரு சொல்லிலிருந்து திருடன் என்னும் ஒரே பொருளை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு, அதை ஒரு சமூகத்தின் குணத்துக்குச் சான்றாக நிறுத்தியதில்தான் ஆங்கிலச் சொல்லின் தனிவரலாறு தொடங்குகிறது.

கல்வெட்டுகளில் காவலும் குற்றமும்

ஆங்கிலேயர் வருகைக்கு முந்தைய நூற்றாண்டுகளில் புதுக்கோட்டைப் பகுதியில் ஆயுதம் தாங்கிய குடிகளின் இடம் எது என்பதை இவ்வட்டாரக் கல்வெட்டுகள் அறிவிக்கின்றன. புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குட்பட்ட கல்வெட்டுகளின் மூலபாடங்களை 1929இல் நூலாக வெளியிட்டது. அவற்றுள் பதினான்காம் நூற்றாண்டு முதல் அடிக்கடி வரும் சொற்களில் ஒன்று பாடிகாவல். பாடி என்பது ஊர் அல்லது குடியிருப்பு. அதன் வயலையும் கால்நடையையும் வழிப்போக்கரையும் காக்கும் பொறுப்பும், அதற்கு ஈடாக விளைச்சலில் பங்கு பெறும் உரிமையும் சேர்ந்தது பாடிகாவல். பாண்டியப் பேரரசு தளர்ந்த பின், வறட்சியாலும் பகையாலும் நலிந்த ஊரார் தங்கள் ஊரின் பாடிகாவல் உரிமையை, ஆயுதவலி உடைய அரையர்களுக்கும் பிற ஊராருக்கும் விலைக்குக் கொடுத்ததை இக்கல்வெட்டுகள் கூறுகின்றன. தங்களுக்குள் சண்டை மூண்டாலும் உழுகுடிகளுக்கும் வழிப்போக்கருக்கும் தீங்கு செய்வதில்லை என்று ஆயுதம் ஏந்திய ஊரார் உடன்படிக்கை செய்துகொண்டு, மீறினால் தனியாளுக்கு இவ்வளவு, ஊருக்கு இவ்வளவு எனத் தண்டம் விதித்துக்கொண்டதும் உண்டு.

இக்காவல் உரிமை அரசியல் அதிகாரத்துக்கு ஏணியாயிற்று. புதுக்கோட்டையின் அரசமைப்பை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியல் அறிஞர் நிக்கலஸ் டர்க்ஸ், 1987இல் வெளியிட்ட தம் நூலில், காவல் பொறுப்பின் வழியாக நிலத்தின்மீதும் கோயில் மரியாதைகளின்மீதும் உரிமை பெற்ற கள்ளர் தலைவர்கள் படிப்படியாக அரசர்களானதை விரித்துரைக்கிறார். அம்புநாட்டுக் கள்ளரான தொண்டைமான்கள், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் கிழவன் சேதுபதியோடு மணவுறவு கொண்டு, அவர் ஆதரவில் புதுக்கோட்டையில் நிலைபெற்றார்கள். குடுமியான்மலையில் நடந்த முடிசூட்டு, காவல் குடியொன்று கோயிலின் முன்னிலையில் அரசகுடியாக ஏற்கப்பட்டதன் வெளிப்படையான அடையாளம் எனலாம்.

கல்வெட்டுகள் குற்றத்தையும் குற்றவாளியையும் அறியாதவை அல்ல. அரசனுக்கும் நாட்டுக்கும் கோயிலுக்கும் கேடு செய்தவரை முறையே இராசத் துரோகி, நாட்டுத் துரோகி, சிவத் துரோகி என்று அவை வகுக்கின்றன. ஊருக்கு முள்ளாக இருப்பவனைக் கிராமகண்டகன் என்கின்றன. குற்றத்துக்காகப் பெறும் பணத்தைக் குற்றதண்டம் என்கின்றன. இவை யாவும் செய்த செயலை ஒட்டி எழுந்த பெயர்கள். ஆனால் உறவினரையும் சேர்த்துத் தண்டிக்கும் வழக்கம் அன்று இல்லை என்று கூறவும் இயலாது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உடைமைகளைப் பறிமுதல் செய்த முதலாம் இராசராசனின் ஆணையைத் தரும் உடையார்குடிக் கல்வெட்டு, அவர்களுடைய உற்றார் உறவினரையும் அத்தண்டனைக்குள் கொண்டுவருகிறது. ஆயினும் அங்குத் தண்டனை ஒரு குறிப்பிட்ட கொலையைப் பற்றி நின்றது. அக்குடும்பங்கள் சார்ந்த குலம் முழுவதும் கொலைகாரர் என்ற பெயரைச் சுமக்கவில்லை.

போர்க்கள எழுத்தில் கொலரி

கொலரி என்னும் சொல்லை ஆங்கில வாசகரிடம் சேர்த்தவர்களுள் முதன்மையானவர் இராபர்ட் ஓர்ம். அஞ்சுதெங்கில் பிறந்து, சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆலோசனைச் சபை உறுப்பினராக இருந்து, பின்னர் அதன் வரலாற்றாசிரியராக அமர்ந்த அவர், இந்துஸ்தானத்தில் ஆங்கிலேயர் நடத்திய போர்களின் வரலாற்றை எழுதி, முதற்பகுதியை 1763இல் வெளியிட்டார். திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது, ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்கும் ஆங்கிலேயருக்கும் உதவியாகத் தொண்டைமான் மூவாயிரம் கொலரிகளை அனுப்பியதாக அதில் குறிப்பிடும் ஓர்ம், அவர்கள் திருச்சிராப்பள்ளிக்கும் குமரிமுனைக்கும் இடைப்பட்ட காடுகளில் சிறுதலைவர்களின் கீழ் வாழ்பவர்கள் என்று அறிமுகம் செய்து, அவர்களுடைய மொழியிலேயே அப்பெயர் திருடரைக் குறிக்கும் என்றும், அது அவர்களின் பொதுக்குணத்துக்கு ஏற்றதே என்றும் முடிவுகட்டுகிறார்.

இந்த விளக்கத்தில் அடுத்தடுத்து மூன்று அடிகள் வைக்கப்பட்டுள்ளன. பெயருக்கு ஒரு பொருள் உரைக்கப்படுகிறது. அப்பொருளை அவர்கள் மொழியே ஒப்புக்கொள்வதாகக் காட்டப்படுகிறது. பின்னர் அது அவர்களின் இயல்பாக்கப்படுகிறது. முற்றுகையிடப்பட்ட கோட்டைக்குள் உணவுப்பொருள் போய்ச்சேரத் தொண்டைமானின் நாடே பெரிதும் துணைசெய்தது. அவ்வகையில் ஆங்கிலேயரின் தேவைக்கு இன்றியமையாதவராக இருந்த வீரர்களை, கூலிக்கு அமர்த்திய படையினர் என்றோ நேசநாட்டுப் படையினர் என்றோ அழைக்காமல் திருடர் என்று பெயரிட்டுப் பயன்படுத்திக்கொண்டது, வேண்டும்போது நட்பையும் வேண்டாதபோது விலக்கையும் ஒரே சொல்லால் சாதிக்க இடம் தந்தது.

சொல்லுக்கும் நடப்புக்கும் இடையிலிருந்த தொலைவை 1755ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று அம்பலப்படுத்துகிறது. நவாபுக்காக மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரி தண்டச் சென்ற கர்னல் அலெக்சாண்டர் ஹெரான், திரும்பும் வழியில் மதுரைக்கு அருகே ஓர்ம் கோவில்குடி என்று குறிக்கும் ஊரின் கோயிலைத் தாக்கினார். இது திருமோகூர் என்று பின்வந்தோர் அடையாளம் காண்பர். அங்கிருந்த உலோகத் திருமேனிகளைப் படையினர் அள்ளிக்கொண்டனர்; மீட்புப்பணம் கிடைக்காமற்போகவே அவற்றை மூட்டைகளோடு ஏற்றிப் புறப்பட்டனர். நத்தம் கணவாயின் குறுகிய காட்டுவழியில் அப்படை நுழைந்தபோது, கள்ளர்கள் மரங்களை வெட்டிக் குறுக்கே வீழ்த்தி, நீண்ட ஈட்டிகளோடு தாக்கி, சாமி, சாமி என்று கூவியபடி தங்கள் தெய்வங்களை மீட்டுச் சென்றார்கள். பின்னர் ஹெரான் இராணுவ விசாரணைக்கு உட்பட்டுப் பணியிலிருந்து நீக்கப்பட்டார். இச்செய்திகளையெல்லாம் ஒளிக்காமல் தருபவரும் ஓர்மே. கோயிலில் புகுந்து கவர்ந்தவரைப் படை என்றும், கவரப்பட்டதை மீட்டவரைக் கொலரி என்றும் அழைக்கும் அவருடைய நடையில் மட்டும் எந்த மாற்றமும் நேரவில்லை. ஆகவே அச்சொல்லைக் களவு என்னும் செயல் தீர்மானிக்கவில்லை. கம்பெனிக்கும் நவாபுக்கும் திறை செலுத்த மறுத்த, காட்டின் மறைவில் தாக்கக்கூடிய, முறைப்படையாக அணிவகுக்காத ஆயுதக்குடி என்பதே அதன் உண்மையான வரையறையாக இருந்தது. மேலூர்ப் பகுதியும் மதுரைக்கு மேற்கிலுள்ள கள்ளர் நாடும் எவருக்கும் திறை கொடாத தன்னரசு நாடு என்று தங்களை அழைத்துக்கொண்டதை இங்குச் சேர்த்து எண்ணவேண்டும்.

இவ்வரையறை அரசியலைச் சார்ந்திருந்தபடியால் சொல் எளிதாகப் பரவியது. கள்ளர்கள் பெரும்பான்மையாக வாழாத திருநெல்வேலிச் சீமையின் பாளையங்களில் போரிட்ட மறவர் முதலிய பிற குடியினரும் ஆங்கில எழுத்தில் கொலரிகள் ஆனார்கள். மறுதிசையில், தொண்டைமான்கள் கம்பெனியின் நிலையான நேசர்களான பின் அவர்களின் நாட்டுக்கும் படைக்கும் அச்சொல் பொருந்தாததாயிற்று. 1799இல் பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டியக் கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையின் திருக்களம்பூர்க் காட்டில் பிடிபட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அவ்வாண்டின் ஆங்கில ஆவணங்களில் தொண்டைமான் விசுவாசமான அரசர். கலகக்காரர் என்னும் பெயர் பாளையக்காரர்களுக்குப் போயிற்று. பாளையக்காரர் என்னும் சொல்லும் ‘பாலிகர்’ எனத் திரிந்து, ஆங்கிலத்தில் ஏறத்தாழக் கிளர்ச்சியாளர் என்னும் பொருளையே பெற்றது. இந்த விசுவாசத்துக்குப் பரிசாக 1803இல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சார்ந்த சீமையும் தொண்டைமானுக்குக் கிடைத்தன.

அகராதியில் பெற்ற இடம்

கர்னல் ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஆர்தர் பர்னெலும் தொகுத்த, 1886இல் வெளிவந்த ‘ஆப்சன் ஜாப்சன்’, இந்தியாவிலிருந்த ஆங்கிலேயரின் வழக்குச்சொற்களுக்கான அகராதி. அதில் கொலரி தனிப்பதிவாகவும், கொலரிக் கொம்பு, கொலரித் தடி என்னும் தொடர்கள் வேறு பதிவுகளாகவும் உள்ளன. கொலரிக் கொம்பு என்பது சாவு வீடுகளிலும் விழாக்களிலும் ஊதும் பித்தளைக் கொம்பு. ஆங்கிலேயருள் சிலர் அதன் பெயர் விளங்காமல் அதைக் காலராக் கொம்பு என்றே அழைத்தனர் என்பதைத் தொகுப்பாசிரியர்களே நகைப்போடு பதிவு செய்கிறார்கள். இரவல் பெற்ற சொல்லின் மூலம் மறந்துபோனால், அதற்குள் அந்நியரின் அச்சம் எது வேண்டுமானாலும் குடியேறும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

கொலரித் தடி என்பது வளரி. பிறை வடிவில் வளைந்து, ஒருமுனை கனத்து, எறிந்தால் சுழன்று சென்று தாக்கும் இக்கருவி மரத்தாலும் இரும்பாலும் தந்தத்தாலும் செய்யப்பட்டது. தஞ்சை ஆயுதச்சாலையிலிருந்து வந்த வளரிகள் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தம் தொகுதிகளில் குறிப்பிடுகிறார். 1830இல் நினைவுக்குறிப்புகளை வெளியிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் இராணுவ அதிகாரி, இளவயதில் வேலெறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்பித்தவர் சிவகங்கைச் சின்ன மருது என்று நன்றியோடு எழுதுகிறார். 1801இல் ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்ட ஒருவரிடம் கற்ற கலையை அவர் கொலரித் தடி வீசுதல் என்றே பெயர் சுட்டுகிறார். கருவிக்கும் கலைக்கும் தமிழில் இருந்த பெயர் ஆங்கிலத்தில் மறைந்து, வசைப்பெயரே அவற்றுக்கும் அடைமொழியாயிற்று.

மக்கள் பெயர் தீயோரின் பெயராவது உலக மொழிகளில் புதிதன்று. ஐந்தாம் நூற்றாண்டில் உரோமைச் சூறையாடிய வாண்டல் என்னும் ஜெர்மானிய இனத்தின் பெயர், பொதுச்சொத்தை அழிப்போருக்கு ஆங்கிலத்தில் பெயராயிற்று. பண்ணைநிலத்தில் உழைத்த குடியானவரைக் குறித்த இலத்தீன் சொல், உயர்ந்தோர் நாவில் இழிந்து ‘வில்லன்’ ஆயிற்று. தமிழ்த் திரைப்படம் வழியாக அதைத் தமிழரும் எடுத்துக்கொண்டனர். ஏமாற்றுவோரைக் குறித்த வட இந்தியச் சொல்லாகிய ‘தக்’, வில்லியம் ஸ்லீமன் 1830களில் நடத்திய வழிப்பறிக் கொலைகாரர் வேட்டையாலும், 1839இல் வந்த பிலிப் மெடோஸ் டெய்லரின் புதினத்தாலும் உலகெங்கும் பரவி, முரடர் என்னும் பொருளில் இன்றும் ஆங்கிலத்தில் நிலைத்திருக்கிறது. இவற்றோடு ஒப்பிடும்போது கொலரியின் நிலை வேறு. வாண்டல்கள் தனி இனமாக மறைந்துபோனார்கள். வில்லன் என்னும் சொல்லில் எந்தக் குடியானவரும் இன்று தம்மைக் காண்பதில்லை. கொலரி என்ற பெயரோ உயிரோடு வாழ்ந்த, தனித்து அடையாளம் காணத்தக்க ஒரு சமூகத்தின்மீது விழுந்தது. அதனால் ஆங்கிலத்தில் அச்சொல் வழக்கொழிந்த பிறகும், அது கட்டியெழுப்பிய எண்ணம் அச்சமூகத்தை விட்டு நீங்கவில்லை.

சொல்லிலிருந்து சட்டத்துக்கு

அவ்வெண்ணம் சட்டவடிவம் பெற வழிவிட்டது காவல்முறையின் வீழ்ச்சி. மதுரை மாவட்டத்தில் ஊர்க்காவல் செய்த கள்ளர்கள், ஊராரிடம் ஆண்டுதோறும் காவற்கூலி பெற்றார்கள். களவுபோன மாட்டைக் கண்டுபிடித்துத் தர இடையில் நின்று பெறும் பணம் துப்புக்கூலி எனப்பட்டது. கம்பெனியார் 1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையால் காவல் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியர்களிடம் சேர்த்தனர்; 1859இல் மாகாணப் போலீஸ் தனித்துறையாயிற்று. புதிய ஏற்பாட்டில் பழைய காவற்கூலி வெறும் மிரட்டிப்பறிப்பாகக் கருதப்பட்டது. அக்கருத்துக்கு அடிப்படையே இல்லை என்பதும் பொருந்தாது. காவற்கூலி தராத ஊரில் மாடு காணாமற்போவது நடந்ததுதான், அரசின் ஏற்பு நீங்கிய பின் காவலுக்கும் கொள்ளைக்கும் இடையிலிருந்த வரம்பு தேய்ந்ததும் உண்மைதான். 1896ஐ ஒட்டி மதுரை, திண்டுக்கல் பகுதிகளின் குடியானவர்கள் கள்ளர் காவலை எதிர்த்து ஒன்றுதிரண்டதும் இதனால்தான். ஆனால் உரிமை பறிபோனதால் விளைந்த பொருளியல் சிக்கலை அரசு பிறவிக்குணமாகக் கண்டது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1978இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இந்த மாற்றத்தைத் திறம்பட எடுத்துக்காட்டியது. ஆனந்த் பாண்டியனின் பிற்கால ஆய்வுகள் அதை மேலும் விரிவாக்கின.

வட இந்தியாவுக்கென 1871இல் இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டின் புதிய வடிவத்தில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914 முதல் மதுரைக்கு மேற்கிலுள்ள பிறமலைக் கள்ளர் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதன்கீழ்ப் பட்டியலிடப்பட்டன. வயதுவந்த ஆண்கள் கைரேகை பதியவும், இரவில் காவல்நிலையத்தில் முன்னிலையாகவும், ஊரைவிட்டுப் போகச் சீட்டுப் பெறவும் வேண்டியிருந்ததால், மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீசார் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டனர். ரோசாப்பூ துரை என்று மக்கள் அன்போடு அழைத்த மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அவர்களுக்காக நீதிமன்றத்தில் போராடினார். சட்டத்தை நீக்கக் கோரிய இயக்கத்தில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரும் ப. ஜீவானந்தமும் பங்கெடுத்தனர். சென்னை மாகாணத்தில் 1947இலும், இந்தியா முழுவதிலும் 1952இலும் அச்சட்டம் நீங்கியது. அதற்குட்பட்டிருந்த சமூகங்களை இன்று தமிழக அரசு சீர்மரபினர் என்று வகைப்படுத்துகிறது.

அதே ஆண்டுகளில் புதுக்கோட்டையில் நிலவிய காட்சியை அருகில் வைத்துப் பார்த்தால், பெயர் எவ்வளவு தற்செயலானது என்பது விளங்கும். 11 பீரங்கி முழக்க மரியாதைக்கு உரிய சமஸ்தான அரசராகப் புதுக்கோட்டைத் தொண்டைமானைப் பிரிட்டிஷ் அரசு மதித்துவந்த காலத்தில், கள்ளர் என்ற அதே பெயரைத் தாங்கிய வேறொரு கிளையினர் சில மணிநேரப் பயணத் தொலைவில் இரவுதோறும் காவல்நிலையத் திண்ணையில் படுத்திருந்தார்கள். இரு கிளையினருக்கும் இடையே குலவழக்கிலும் மணவுறவிலும் வேறுபாடுகள் உண்டு என்றாலும், அவர்களைப் பிரித்த முதன்மையான காரணி பிறப்பில் இல்லை. ஒருசாரார் கம்பெனியோடு உடன்படிக்கைக்கு வந்ததும், மற்றவர் திறைகொடா நாட்டினராக நின்று, காவலுரிமையை இழந்து, நிலமும் நீரும் குறைந்த புன்செய்யில் ஒதுங்கியதுமே அவர்களைப் பிரித்தன.

குணத்தைக் கொண்டு குற்றவாளியை வரையறுக்கும் முறை அச்சட்டத்தோடு முற்றிலும் மறையவில்லை. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் எண் சட்டத்தைப் பொதுமக்கள் குண்டர் சட்டம் என்கிறார்கள். கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள், குடிசைப்பகுதி நில ஆக்கிரமிப்பாளர் எனப் பலவகையினரை அடுக்கும் அதன் நீண்ட பெயரில் ‘கூண்டா’ என்னும் சொல் இடம்பெறுகிறது. அதற்கு அச்சட்டம் இயற்றப்பட்டபோது தந்த விளக்கம் குறிப்பிட்ட குற்றங்களை வழக்கமாகச் செய்பவர் என்பதாகும். அப்படிப்பட்டவர் எனக் கருதப்படுபவரை விசாரணை முடியுமுன்பே ஓராண்டு வரை காவலில் வைக்கலாம். கூண்டா என்பது இந்தி வழியாக இந்திய ஆங்கிலத்துக்கு வந்த சொல். வங்காளத்தில் 1923லேயே அப்பெயரில் ஒரு சட்டம் இருந்தது. தேவார ஆசிரியர்கள் சமணத் துறவியரைச் சாடும்போது ஆண்ட குண்டர் என்னும் தமிழ்ச்சொல்லோடு அதற்கு உறவு உண்டா என்பதை ஒலியொற்றுமை ஒன்றைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது. குற்றப்பரம்பரைச் சட்டத்திலிருந்து இது ஓர் அடிப்படையில் வேறுபடுகிறது: தனியொருவரின் செயல்களைக் காட்டியே ஆணை பிறப்பிக்கவேண்டும், அந்த ஆணை உயர்நீதிமன்ற ஆய்வுக்கும் உட்பட்டது. குலத்திலிருந்து தனியாளுக்கு வந்திருப்பது மெய்யான முன்னேற்றம். எனினும், செய்த குற்றத்தை மெய்ப்பிப்பதற்கு முன்னரே இவர் இத்தகையவர் என்று பெயரிட்டு அடைக்கும் தருக்கம் அதில் எஞ்சியுள்ளது.

ஆய்வு முடிபு

மேற்கண்டவற்றால் கொலரி என்னும் சொல்லைப் பற்றி மூன்று முடிவுகளுக்கு வரலாம். கள்ளர் என்னும் தமிழ்ப்பெயரின் ஒலித்திரிபே அது என்றாலும், பொருளில் அதன் நேர்வழி வாரிசு அன்று. மூலச்சொல்லின் விரிந்த பொருட்பரப்பில் ஒரு கீற்றை மட்டும் அது எடுத்துக்கொண்டது. அதன் பயன்பாடு களவு நடந்ததா என்பதைப் பொறுத்து அமையாமல், ஆங்கிலேயருக்கு அடங்கியவர் யார், அடங்காதவர் யார் என்பதைப் பொறுத்தே விரிந்தும் சுருங்கியும் வந்தது. காவல் என்னும் பழைய பொறுப்பு சட்டத்தின் ஏற்பை இழந்த காலத்தில், அச்சொல் முன்னரே பரப்பியிருந்த எண்ணம் அரசுக்கு ஆயத்தமான விளக்கமாகக் கைகொடுத்தது.

இம்முடிவுகள் ஆவணங்களைப் படிக்கும் முறையையும் பாதிக்கின்றன. கர்நாடகப் போர்க்கால ஆங்கில நூல்களைத் தமிழாக்குவோர், கொலரி வருமிடமெல்லாம் கள்ளர் என்று மாற்றி எழுதுவது பெரும்பான்மை வழக்கம்; திருநெல்வேலிப் பாளையத்து மறவரும், பெயர் குறிக்கப்படாத பல்வேறு குடிகளின் கலப்புப் படையினரும் இதனால் தவறாக ஒரே சமூகத்தின் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் எந்த நாடு, எந்தத் தலைவன், எந்தத் திறை அல்லது காவல் உரிமை பற்றிய பூசல் என்பதை முதலில் உறுதிசெய்து, அவ்வட்டாரக் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஆங்கிலக் குறிப்போடு ஒப்பிட்ட பின்னரே அச்சொல்லுக்கு உரிய தமிழ்ப்பெயரை இடவேண்டும். புதுக்கோட்டைச் சீமையைப் பொறுத்தமட்டில் அத்தகைய ஒப்பீட்டுக்கு வேண்டிய மூலபாடங்கள் அச்சிலேயே கிடைப்பதால், அப்பணியைத் தொடங்க இவ்வட்டாரமே ஏற்றது.